துரை பார்த்த மாப்பிள்ளை

உக்காருங்க தம்பி, பெஞ்சுல எடம் இருக்குல்ல. எதுக்கு அந்தத் தூணோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? இந்த நாய் ஒண்ணும் செய்யாது. போன வருசம் வந்திருந்தீங்கன்னா நானே உங்களை வெளியில நிக்கச் சொல்லியிருப்பேன். இப்ப அப்படி இல்ல. பூனைக் கூடைய மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்குங்க. மேல துண்டு போட்டு மூடியிருக்கீங்கல்ல, அது போதும்.

டாக்டர் மாடு பாக்கப் போயிருக்காராம். கன்னுக்குட்டி வயித்துக்குள்ள குறுக்கால மாட்டிக்கிச்சுன்னு ஆள் வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. வர நேரமாகும். இப்படித்தான், நாய்க்குக் காதக் காட்டணும்னு வந்தா அவரு மாட்டுக்குப் போயிருப்பாரு.

பேரா? துரை. சுத்தமான ராஜபாளையம். ஒடம்புல ஒரு கருப்பு முடி பாக்க முடியாது, மூக்கப் பாருங்க, ரோஸ் கலரு. குட்டியா தூக்கிட்டு வந்த அன்னிக்கே அப்படி ஒரு பார்வை பாத்துச்சு, நாம என்னமோ அது வீட்டுல வாடகைக்கு இருக்கிற மாதிரி. அதான் துரைன்னு வச்சேன். எனக்குச் சத்திரப்பட்டியில தறி இருக்கு. சீனிராஜ்னு சொன்னா அங்க தெரியும். பேண்டேஜ் துணி நெய்யுறோம். ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுறாங்கல்ல, அதேதான். துரை யாரையாச்சும் கடிச்சா கட்டுறதுக்குத் துணி நம்ம வீட்டுலயே எடுத்துக் குடுத்துருவோம். நல்ல துணி. கடி வாங்குனவங்களே அதைச் சொல்லியிருக்காங்க.

ஒரு விசயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. எங்க பெரிய பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தது இந்தத் துரைதான்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. கேளுங்க.

எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ சுபாஷினி, சின்னவ இலக்கியா. சுபா படிப்ப முடிச்சிட்டு வீட்டுல இருந்தா. நான் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சேன். முதல்ல சிவகாசியில இருந்து ஒரு எடம். அச்சாபீசு வச்சிருக்காங்க, காலண்டர் அடிக்கிறவங்க. பையன் பாக்க லட்சணமா இருந்தான். துரையப் பின்னால கொட்டகையில கட்டிப் போட்டிருந்தோம். வந்தவங்கள்ல பையனோட தாய்மாமன் ஒருத்தரு, போன் பேசிக்கிட்டே பின்பக்கம் போயிருக்காரு. துரை சங்கிலிய இழுத்துக்கிட்டு வந்து கெண்டைக்கால்ல ஒரே பிடி. அப்புறம் எங்க பேசுறது. துணி கட்டி அனுப்பி வச்சோம்.

எனக்கு அவமானமாப் போச்சு. இந்த நாயைத் தோட்டத்துப் பக்கம் கொண்டு போய் விட்டுரலாமான்னுகூட இருந்தேன். அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சுத் தறிக்கு நூல் கொண்டு வர்றவரு ஒரு சேதி சொன்னாரு. அந்தப் பையன் மெட்ராஸ்ல வேற ஒரு பொண்ணப் பதிவுக் கல்யாணம் பண்ணியிருந்தானாம். வீட்டுல மறைச்சு வச்சுத்தான் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் அப்படியே உக்காந்துட்டேன் தம்பி. மனுசங்க நமக்குத் தெரியல. இதுக்குத் தெரிஞ்சிருக்கு.

என் வீட்டுக்காரி ராமுத்தாய் கேட்டா, அப்படின்னா பையனல்ல கடிச்சிருக்கணும், எதுக்கு மாமன் காலக் கடிச்சுச்சுன்னு. பொம்பளைங்களுக்கு மேலோட்டமாத்தான் யோசனை போகும். சம்பந்தம் பேசினது யாரு? மாமன். மறைச்சது யாரு? மாமன். நாய் வேரப் பாத்துக் கடிச்சிருக்கு.

அன்னிக்கு நான் வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், இனிமே துரைக்குப் பிடிக்காத எடம் நமக்கு வேணாம்னு. சுபா இருக்காளே, நான் கிழக்குன்னா மேற்குன்னு சொல்ற பொண்ணு. இந்த விசயத்துல மட்டும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. "ஆமாப்பா. துரை யாரச் சரின்னு சொல்லுதோ, அவர எனக்குச் சம்மதம். நீங்களும் அப்புறம் மாத்திப் பேசக் கூடாது"ன்னா. நான் எதுக்கு மாத்திப் பேசப் போறேன்? அவ தலையில கை வச்சுச் சத்தியமே பண்ணிக் குடுத்தேன்.

அடுத்து வந்தது அருப்புக்கோட்டை எடம். நூல் மில்லு. ஒத்தப் பையன். எனக்கு அவ்வளவு ஆசை அந்த எடத்துமேல. அன்னிக்குன்னு பாத்துத் துரைக்கு வயிறு சரியில்லன்னு சுபா காலையில இருந்து சோறு போடல. காத்தோட்டமா இருக்கட்டும்னு வாசக் கேட்டுக்கிட்டயே கட்டியிருந்தா. காரு வந்து நின்னுச்சு பாருங்க, துரை ரெண்டு காலையும் காருக் கதவுமேல தூக்கி வச்சுக்கிட்டு நின்னுச்சு. கொரைக்கிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவங்க இறங்கவே இல்ல. கண்ணாடிய ரெண்டு விரல் அளவுக்கு இறக்கிப் பேசினாங்க. நானும் குனிஞ்சு அந்தச் சந்துலயே பேசினேன். பஜ்ஜியக்கூட அது வழியாத்தான் குடுத்தோம், ஒண்ணொண்ணா. வாங்கிச் சாப்பிட்டாங்க. காரைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி நான் சரியாச் சாப்பிடல. சுபாதான் பக்கத்துல உக்காந்து தேத்தினா. "அந்த வீட்டுல என்ன குறை இருக்கோ நமக்கு என்னப்பா தெரியும், துரைக்குத் தெரிஞ்சிருக்கும்"னா. நாந்தான் ஆரம்பிச்சு வச்ச பேச்சு, அத நானே எப்படித் தள்ளுறது? இன்னிக்கு வரைக்கும் அந்த அருப்புக்கோட்டைக்காரங்களப் பத்தி ஒரு தப்பும் காதுல விழல. விழும். பொறுத்திருந்து பாக்கணும்.

அந்தச் சமயத்துலதான் சுபா இதுக்குக் கை தொடப் பழக்க ஆரம்பிச்சா. போன்ல என்னமோ பாத்திருக்கா. அவ சொன்னத அப்படியே சொல்றேன். உள்ளங்கைய விரிச்சு நாயோட மூக்குக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டணும். அது என்னன்னு மோந்து பாக்க வரும். மூக்கு கையில பட்ட அந்த நொடியே நாக்க மேலண்ணத்துல ஒட்டி 'ட்டக்'குன்னு ஒரு சத்தம் குடுக்கணும். சத்தம் குடுத்தா ஒரு துண்டு ஈரல். சத்தம்தான் கணக்கு, சத்தம் கேட்டா ஈரல் வரும்னு நாய்க்குப் புரிஞ்சிரும். தொடலையா, ஒண்ணும் இல்ல. அடி கிடையாது, திட்டு கிடையாது. கைய எடுத்துட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி காட்டணும்.

அடி கிடையாதுன்னா நாய்க்கு எப்படிப் பயம் இருக்கும்னு கேட்டேன். பயம் எதுக்குப்பான்னு திருப்பிக் கேட்டா. ராஜபாளையம் நாய் என்ன சர்க்கஸ்லயா சேரப் போகுது, எவனாச்சும் கைய நீட்டுனாக் கடிக்கணும், அதுக்குத்தான வளக்கிறோம்னேன். அவ சொன்னா, "என் கைய மட்டும்தாம்ப்பா தொடும். நீங்க ஏன் பயப்படுறீங்க?"

நெசமாவே நல்லாப் பழக்கிட்டா. முதல்ல ஒரு சாண். அப்புறம் ரெண்டு அடி. அப்புறம் வீட்டு முத்தத்துக்கு அந்தக் கடைசியில இவ நின்னு முழங்காலுக்குப் பக்கத்துல கைய விரிச்சா, இந்தக் கடைசியில இருந்து வெள்ளைக் குதிரை மாதிரி ஓடிப் போய் மூக்க வச்சு நிக்கும். எனக்கே பாக்க ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு, வெளியில காட்டிக்கல.

அப்புறம் சொன்னா, வீட்டுக்குள்ள பழக்கினா மட்டும் பத்தாதாம். ரோட்டுல வண்டி போகும், ஆள் வரும், அங்கயும் பழக்கணுமாம். இல்லாட்டி முத்தத்துல மட்டும்தான் கையத் தொடணும்னு நாய் நினைச்சுக்குமாம். சரின்னு விட்டேன். தினமும் காலையில சஞ்சீவி மலையடிவாரத்துக்குக் கூட்டிட்டுப் போவா. வெயில் மூஞ்சியில அடிச்சாக்கூட எந்திரிக்காத பொண்ணு தம்பி அவ. இப்ப எனக்கு முன்னாடி எந்திரிச்சு, குளிச்சு, தேய்ச்ச சுடிதாரு போட்டு, தலையில பூ வச்சுக் கிளம்புவா. நாயக் கூட்டிட்டுப் போறதுக்கு. ஒரு சின்ன டப்பாவுல வேகவச்ச ஈரல். நான் ராமுத்தாய்கிட்ட சொன்னேன், பாத்தியா, ஒரு பொறுப்பக் குடுத்தா பொண்ணுங்க எப்படி மாறிருதுங்கன்னு. அவ ஆமா ஆமான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ஒரு விசயம்தான் எனக்குப் புரியல. திரும்பி வரும்போது துரை வயிறு முட்டத் தின்னுட்டு வரும். சோத்தத் திரும்பிக்கூடப் பாக்காது. அந்தத் துக்கிணியூண்டு டப்பாவுல அவ்வளவா புடிக்கும்னு யோசிப்பேன். சுபாவுக்குக் கைராசி அப்படி.

இப்படி இருக்கும்போதுதான் ராமுத்தாய் ஒரு எடத்தக் கொண்டு வந்தா. அவ வழியில தூரத்துச் சொந்தம், சங்கரன்கோயில். பையன் பேரு மதிவாணன். நம்ம ராஜபாளையத்துலதான் வேலை, ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல. அப்பா இல்ல, அம்மா மட்டும். சொந்தமா ஒரு பழைய வீடு. எனக்குக் கேட்டதும் கசந்து போச்சு. தறி ஓட்டுறவன் பொண்ண ஊசி குத்துறவனுக்குக் குடுக்கிறதான்னு கேட்டேன். அவ சண்டை போடல. சாதாரணமா சண்டை போடுவா, அன்னிக்குப் போடல. சொந்தக்காரங்க, வர வேணாம்னு சொன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும், வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகட்டும், எப்படியும் துரை உள்ள விடப் போறதில்லன்னா.

எனக்கு அந்த யோசனை பிடிச்சுப் போச்சு. வேணாம்னு என் வாயால சொல்ற சங்கடம் இல்ல பாருங்க. துரை பாத்துக்கும்.

அதனால அன்னிக்குச் சங்கிலிய அவுத்து விட்டது நாந்தான். என் கையால அவுத்தேன். நல்லாக் கேட்டுக்குங்க, வேற யாரும் இல்ல. அவுத்து விட்டுட்டு, வாசலப் பாத்து நாற்காலியப் போட்டு உக்காந்தேன். பேண்டேஜ் துணி ஒரு சுருள் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். வர்றவன் பாவம், தயாரா இருக்கணும்ல.

ஆட்டோ வந்துச்சு. பையனோட அம்மாவும் பெரியப்பாவும் நாயப் பாத்துட்டு ஆட்டோவுக்குள்ளயே இருந்துட்டாங்க. பையன் மட்டும் இறங்கினான். கேட்டத் திறந்தான். துரை எந்திரிச்சு நின்னுச்சு. காது ரெண்டும் முன்னால வந்துச்சு.

பையன் ஓடல. பக்கவாட்டுல திரும்பி நின்னுக்கிட்டான். துரை மூஞ்சியப் பாக்கவே இல்ல, என்னமோ தரையில கிடக்கிற மாதிரி கீழ பாத்தான். வலது கைய மெதுவா முழங்காலுக்குப் பக்கத்துல இறக்கி விரிச்சான். பயத்துல ஒடம்பு தளந்து போச்சு போலன்னு நினைச்சேன். துரை பாஞ்சுச்சு. நான் துணிச் சுருளக் கையில எடுத்துட்டேன்.

போய், மூக்கக் கொண்டு அவன் உள்ளங்கையில வச்சு நின்னுச்சு தம்பி.

வாலு ஆடுற ஆட்டத்துல இடுப்பே ஆடுது. பையன் வாயில இருந்து 'ட்டக்'குன்னு ஒரு சத்தம். பாவம், பயத்துல நாக்கு வறண்டு ஒட்டிக்கிச்சு. ஒடனே கை சட்டைப் பைக்குப் போச்சு, துரை வாய்க்குப் போச்சு. என்ன குடுத்தீங்கன்னு கேட்டேன். பிஸ்கட்டுன்னாரு. நாய் இருக்கிற வீட்டுக்குப் போறோம்னு பிஸ்கட் வாங்கிட்டு வந்திருக்காரு பாருங்க, என்ன ஒரு முன்யோசனை. எண்ணெய் பிஸ்கட் போல, பையெல்லாம் கறை, ஈ மொய்க்குது.

துரை ரெண்டு காலையும் தூக்கி அவரு நெஞ்சுல போட்டு மூஞ்சிய நக்குது. ஒரு மாதிரி அழுகிற சத்தம் போடுது, ரொம்ப நாள் கழிச்சு சொந்தக்காரரப் பாத்த மாதிரி. அவரு, "போதும் துரை, உக்காரு"ன்னாரு. உக்காந்துருச்சு. பேரு எப்படித் தெரியும்னு கேக்க நினைச்சேன். ஆனா ஊருக்கே தெரிஞ்ச பேருதான அது. அப்புறம் அவரு ஆட்டோகிட்டப் போயி, ஒரு கைய விரிச்சுக் காட்டிக் காட்டி, துரைய அப்படியே கையோட நகத்திக்கிட்டே போய் ஓரமா நிக்க வச்சுட்டு, பெரியவங்கள இறக்கிக் கூட்டிட்டு வந்தாரு. நானா நிக்க வச்சாக்கூட அப்படி நிக்காது.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சொல்றதுக்கு வெக்கம் என்ன. துரத்தணும்னு நான் அவுத்து விட்ட நாய், அவரக் கூட்டிட்டு வந்து என் முன்னால நிறுத்துது. இதுக்கு மேல நமக்கு என்ன சொல்லணும்?

சுபா காப்பி கொண்டு வந்தா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நிமிந்துகூடப் பாக்கல. அவ்வளவு அடக்கம். மத்தவங்களுக்கெல்லாம் சர்க்கரை போட்ட காப்பி, அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாம. அவரு சர்க்கரை சேத்துக்க மாட்டாராம். உனக்கு எப்படித் தெரியும்னு அப்புறமாக் கேட்டேன். மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுச்சுப்பான்னா. அந்த அளவுக்குப் பொருத்தம் தம்பி, பாத்த மாத்திரத்துல.

நான் எந்திரிச்சு, தட்டு மாத்திரலாம்னு சொல்லிட்டேன். ராமுத்தாய்தான் தடுத்தா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஊசி குத்துறவருன்னு நீங்கதான சொன்னீங்கன்னா. எல்லார் முன்னாலயும் கேட்டுட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. அவரு குத்துறாரு, நாம கட்டுறோம், ஒரே தொழிலுதான், துரை சொன்னப்புறம் இதுல யோசிக்க என்ன இருக்குன்னு சத்தம் போட்டேன். அவ முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. பொண்ணப் பெத்தவளுக்கு அந்த நேரத்துல அழுகை வரத்தான செய்யும்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலியில ஒரு பெரிய லேப்ல வேலை கிடைச்சு ரெண்டு பேரும் அங்க போயிட்டாங்க.

அதுக்கு அப்புறம்தான் எங்க வீட்டுல கஷ்டம் ஆரம்பிச்சுச்சு.

துரை சோத்தத் தொடல. காலையில சங்கிலிய வாயில கவ்விக்கிட்டு வந்து கேட்டுக்கிட்ட நிக்கும். யாரு கூட்டிட்டுப் போறது? எனக்குத் தறி. இலக்கியாவுக்குக் காலேஜு. நின்னு பாத்துட்டு அங்கயே படுத்துக்கும். பதினஞ்சு இருபது நாள்ல இடுப்பெலும்பு தெரிய ஆரம்பிச்சுச்சு. அதோட காதுல வேற புண்ணு வந்துருச்சு. தலைய உதறிக்கிட்டே இருக்கும், பக்கத்துல போனா நாத்தம். மருந்து விடலாம்னு ஒரு நாள் கழுத்துப் பட்டையப் பிடிச்சேன். திரும்பி என் கையில போட்டுச்சு பாருங்க. இந்தா, இந்தத் தழும்புதான். என் தறியில நெய்ஞ்ச துணிய என் கையிலயே கட்டிக்கிட்டேன். நல்ல துணிதான். ஒட்டவே இல்ல.

இதே டாக்டருதான் சொன்னாரு, புண்ணு உள்ள எறங்கிருச்சுன்னா செவிடாயிரும், எப்படியாச்சும் தினமும் சொட்டு மருந்து விடணும்னு. வாய்மூடி போட்டு நாலு பேரு பிடிச்சு அமுக்கிப் பாத்தோம். அன்னிக்குப் பூரா அது நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. என்னக் கண்டா கொட்டகைக்குப் பின்னால போயிரும். எனக்கு மனசே சரியில்ல. அதுக்கு நான்னா இப்ப வலிதான்.

சுபாவுக்குப் போன் போட்டேன். கை தொடுறதுல இருந்து ஆரம்பிங்கப்பான்னா. மாப்பிள்ளையும் பக்கத்துல இருந்து சொல்றாரு. எல்லாம் அத்துப்படியா இருக்கு அவருக்கு. எப்படித் தெரியும்னு கேட்டேன். அந்தப் பக்கம் என்னமோ குசுகுசுன்னு கேட்டுச்சு, லைன்தான் சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம் சுபா, "நாந்தாம்ப்பா சொல்லிக் குடுத்தேன், கல்யாணத்துக்கு அப்புறம்"னா. வீட்டுல நாயே இல்லாம நாய் பழக்கக் கத்துக்கிட்டாரு தம்பி. அப்படி ஒரு கெட்டிக்காரப் புள்ள.

நான் ஆரம்பிச்சேன். ஈரல் வேக வச்சு ராமுத்தாய் குடுத்தா. முதல் நாள் நேராப் போய் கைய மூஞ்சிக்கு முன்னால நீட்டி, தொடு தொடுன்னேன். தறியில கத்திக் கத்திப் பழகுன தொண்டை, மெல்லமாப் பேசினாலே அதட்டுற மாதிரி இருக்கும். துரை மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் அந்தப் பக்கம் கையக் கொண்டு போனேன். அது இந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. கோவத்துல ஈரல நானே தின்னுட்டேன்.

மாப்பிள்ளை வீடியோவுல பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "மாமா, கைய நீங்க கொண்டு போகாதீங்க. அதுவா வரணும். வர்ற வரைக்கும் சும்மா இருங்க."

அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. நான் சும்மா இருந்த ஆளே இல்ல. தறி நின்னா கத்துவேன், காப்பி வரலைன்னா கத்துவேன், மழை வந்தா மழையப் பாத்துக் கத்துவேன். இப்ப முத்தத்துல கீழ உக்காந்து, கைய விரிச்சு வச்சுக்கிட்டு, நாய் மூஞ்சியப் பாக்காம, செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். முழங்கால் வலிக்குது. எறும்பு ஏறுது. இலக்கியா பாத்துட்டு, அப்பா யாருகிட்ட பிச்சை கேக்குறாருன்னு அவங்க அம்மாகிட்ட கேட்டா. அது வரல. அடுத்த நாளும் வரல. எட்ட நின்னு பாக்கும், போயிரும்.

ஒரு நாள் மத்தியானம் அப்படியே செவுத்துல சாஞ்சு தூங்கிட்டேன். கை மட்டும் தரையில மல்லாந்து கிடந்திருக்கு. என்னமோ சில்லுன்னு ஈரமா உள்ளங்கையில பட்டுச்சு. கண்ணத் திறந்தா துரை. மூக்க வச்சுக்கிட்டு நிக்குது. என்னப் பாக்குது.

எனக்கு ட்டக்கும் ஞாபகம் இல்ல, ஈரலும் ஞாபகம் இல்ல. உள்ள இருந்து ராமுத்தாய்தான் சொன்னா, அட குடுங்க, ஈரலக் குடுங்கன்னு. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. குடுத்தேன். தின்னுட்டு மறுபடி மூக்க வச்சுச்சு. மறுபடி குடுத்தேன். இத்தனை வருசமா இதோட சங்கிலியப் பிடிச்சிருக்கேன், பட்டையப் பிடிச்சிருக்கேன், காதப் பிடிச்சு இழுத்திருக்கேன். இது தானா வந்து என் கையத் தொட்டது அன்னிக்குத்தான். அன்னிக்குச் சாயங்காலம் தறிக்கு நான் போகல.

அப்புறம் எல்லாம் வெரசா நடந்துச்சு. கையில மூக்க வச்சா ஒடனே குடுக்காம, கொஞ்ச நேரம் வச்சுக்கிட்டே நின்னாத்தான் ஈரல். அப்படி நிக்கும்போது மத்த கையால கழுத்தத் தொட்டேன். ரெண்டு நாள் கழிச்சுக் காதத் தொட்டேன். அப்புறம் மருந்துப் புட்டியக் காதுக்குப் பக்கத்துல கொண்டு போனேன், விடல, சும்மா காட்டுனேன். கடைசியில ஒரு சொட்டு. ஒடம்பு சிலுத்துச்சு, ஆனா மூக்க எடுக்கல. எடுத்துட்டா நான் அத்தோட நிறுத்திருவேன்னு அதுக்குத் தெரியும். அதனாலயே எடுக்கல போல. புண்ணு ஆறிருச்சு. இன்னிக்குக் காட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். பாத்தீங்களா, இப்பக்கூட உங்க கூடையப் பாத்து மூக்கத் தூக்குச்சு, நான் கைய இப்படிக் காட்டுனதும் இங்க வந்துருச்சு.

ஆனா ஒண்ணு. இத நான் ஈரல் குடுத்து, முழங்கால் தேய உக்காந்து பழக்கினேன். சுபா மாசக்கணக்காப் பழக்கினா. மாப்பிள்ளை பழக்கவே இல்லையே? முன்னப் பின்னப் பாக்காத ஆளு, முதல் நாளே கையத் தொட்டுச்சுன்னா அதுக்கு என்ன அர்த்தம்? எங்களுக்குத் தொட்டது பழக்கம். அவருக்குத் தொட்டது தீர்ப்பு.

என்ன கேக்குறீங்க? முன்னாடியே பாத்திருக்குமோன்னா? எங்க பாக்குறது தம்பி? காலையில சுபா கூட மலையடிவாரத்துக்குப் போறத விட்டா இது வீட்ட விட்டு வெளிய போனதே இல்ல. அங்கயும் அவ கூடவேதான் இருக்கும். அவளுக்குத் தெரியாம இது யாரையும் பாத்துருக்க முடியாது. அவளயே கூப்பிட்டுக் கேட்டாச்சு. யாரையும் பாக்கலன்னுட்டா.

சிரிங்க, சிரிங்க. ராமுத்தாயும் இப்படித்தான், நான் இதச் சொல்ல ஆரம்பிச்சாலே சிரிச்சிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவா. சந்தோசம் அவளுக்கு. மருமகன் நல்ல மாதிரி. போன வாரம் வந்தாரு, துரையோட ஒரு மணி நேரம் விளையாடிட்டுத்தான் எங்ககிட்டயே பேசினாரு.

அடுத்து இலக்கியாவுக்குப் பாக்கணும். படிப்பு முடியப் போகுது. துரைகிட்ட விட்டுட்டேன். என் கையத் தவிர இப்ப வேற யாரு கையையும் தொடறதில்ல, அந்த விசயத்துல கறாரு. இலக்கியா கைய நீட்டினாலே யோசிச்சுத்தான் வரும்.

தம்பி, கைய அப்படித் தொங்கப் போடாதீங்க. பெஞ்சுக்கு மேல வச்சுக்குங்க. துரை. துரை, இங்க வா. இந்தா, என் கை இங்க இருக்கு பாரு.

அசையாதீங்க. கைய இழுக்காதீங்க. அப்படியே இருங்க.

தொட்டுருச்சு.

மூக்க எடுக்கவே மாட்டேங்குதே. என்னது, பூனைக்குக் கருவாடு குடுத்த கையா? அட அதெல்லாம் காரணம் இல்ல தம்பி, இது அப்படிப்பட்ட நாய் இல்ல. இருங்க, டாக்டர் வந்துட்டாரு போல, ஜீப்புச் சத்தம் கேக்குது. கெடக்கட்டும், நமக்கு முன்னால அந்தா கோழியோட உக்காந்திருக்காரே, அவரு போகட்டும், எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. உங்களுக்கு எந்த ஊரு? அம்மா அப்பா இருக்காங்களா? காப்பிக்குச் சர்க்கரை போடுவீங்களா, மாட்டீங்களா?